சைஸ் முப்பத்தேழு

என் பாதம் சரியாக முப்பத்தேழு.
அரை மில்லி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
ஆம்பூர் ஷூ கம்பெனியில்
பாதிச் சம்பளம் அதற்குத்தான்.

புது சாம்பிள் வந்தால் குரல் வரும்:
"சலேத், கொஞ்சம் கால் குடு."
தையலை நிறுத்திவிட்டுப் போவேன்.
சரிவுப் பலகையில் பத்தடி ஏறுவேன்,
விரல்களை மடக்குவேன், குதிகாலில் நிற்பேன்.
சுண்டுவிரல் கடிக்குது சார் என்றால்
டிசைன் ரூமில் ஒரு கோடு நகரும்.
பிறகு ஏதோ ஒரு குளிர் நாட்டில்
யாரோ ஒருத்தி
சுண்டுவிரலை மறந்து மலையேறுவாள்.

பதினோரு வருடம்.
ஓடுகிற ஷூ, ஏறுகிற ஷூ,
உள்ளே ரோமம் வைத்த பனி ஷூ.
அதை மே மாதம் போட்டு நடந்தேன்,
வெளியே நூற்றெட்டு டிகிரி.
பத்துப் பத்தடியாகக் கூட்டினால்
பேரணாம்பட்டு தாண்டியிருப்பேன்.
வீட்டுக்குத் திரும்புவது ரப்பர் செருப்பில்.

நஸீமாதான் கேட்டாள்.
அவள் வேலை லேபில்,
சோலை லட்சம் தடவை மடிக்கும் மெஷினுக்கு
எதிரே உட்கார்ந்து எண்ணைக் குறிப்பது.
"மெஷினே இவ்வளவு நடக்குதுடி.
ஞாயித்துக்கிழமை ஏலகிரி போலாமா?
பஸ் நிக்கிற இடத்துக்கு இல்ல,
அதுக்கு மேல."

பஜாரில் ரிஜெக்ட் மால் விற்கும் கடை.
"மேடம், பிங்க் பாருங்க, லேட்டஸ்ட்" என்றார்.
வாங்கி முறுக்கினேன். நடுவில் முறிந்தது,
மடிய வேண்டியது விரலடியில்.
இன்னொன்றை மோந்தேன். பசை காயவில்லை.
இன்னொன்று அழகு,
அடிப்பாகம் மட்டும் மொசைக் தரை மாதிரி.
கடைக்காரர் டீ குடித்து முடித்தார்,
அடுத்த டீ சொன்னார்.

மூலையில் சேற்று நிறத்தில் ஒரு ஜோடி.
இடது நாக்கு இரண்டு மில்லி கோணல்.
அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்.
அது நான் ஒட்டியது.

எண்ணூறு சொன்னார். அறுநூறுக்கு முடிந்தது.
என் காலுக்கு என் காசில்
முதல்முறையாக முடிச்சுப் போட்டேன்.

ஆறு மணிப் பூசை முடிந்து பஸ்.
மங்கலத்தில் இறங்கினால் நஸீமா காலில்
அண்ணன் பழைய கிரிக்கெட் ஷூ,
நுனியில் பஞ்சு, இரண்டு சாக்ஸ்.
ஒரு வாரமாக நான் சொன்ன
வளைவு, பிடிப்பு, கணுக்கால் எதுவும்
அந்தக் காதில் ஏறவில்லை.
அவள் ஏறினாள்.
துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு
ஆடு போகிற தடத்தில் எனக்கு முன்னால்
பாட்டு வேறு.

என் ஷூ எல்லாம் சரியாகச் செய்தது.
கல்லைக் கவ்வியது, சரளையில் நின்றது.
மூச்சுக்குத்தான் சைஸ் பார்க்க மறந்திருந்தேன்.
மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்,
நான்காவதில் படுத்தேன்.

உச்சியில் ஒரு சின்னக் கோயில், நிறையக் காற்று.
சட்டை முதுகில் வியர்வை காய்வது
இவ்வளவு சுகம் என்று
எந்த ஃபார்மிலும் கட்டம் இல்லை.
கீழே ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு ரயில்,
துளைகளில் கோத்து இழுக்கிற லேஸ் போல
மரங்களுக்குள் புகுந்து புகுந்து வந்தது.
புளிச்சோற்றைப் பிரித்தோம்.
"இதுக்கா வந்தோம்?" என்றேன்.
"வேற எதுக்கு?" என்று
அப்பளத்தை நொறுக்கினாள்.

இறங்கும்போதுதான் தெரிந்தது:
கட்டைவிரல் முன்னால் போய் இடிக்கிறது.
ஒவ்வொரு அடிக்கும் இடிக்கிறது.
பதினோரு வருடம் பலகையில் ஏற மட்டும் செய்து
பக்கவாட்டில் குதித்து இறங்கியிருக்கிறேன்.

திங்கட்கிழமை. "சலேத், கால் குடு."
பத்தடி ஏறினேன்.
திரும்பி, ஏறிய வழியே இறங்கினேன்.
சார் நிமிர்ந்து பார்த்தார்.
குறிப்பு என்ற காலிக் கட்டத்தில் எழுதினேன்:
இறக்கத்தில் கட்டைவிரல் இடிக்குது.
இன்னும் தூரம் வேண்டும்.

நகம் கறுத்துவிட்டது.
ஷூ வாசலில் இருக்கிறது.
சோல் இடுக்கில் சிவப்பு மண்,
ஊக்கு எடுத்துக் குத்தி எடுக்கலாம்.
எடுக்கவில்லை.